மைக்ரோசிப் பொருத்தும் முன் அதைப் படிக்கும் கருவி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றும், உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நடவடிக்கையில் இறங்கியதிலிருந்து, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாய் வளர்ப்போரிடையே ‘நம் ஊருக்கு இது எப்போது வரும்’ என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஓசூரும் 2019 முதல் மாநகராட்சிதான். சென்னையில் வந்தது இங்கே வருவதற்கு வெகுகாலம் ஆகாது என்றே நினைக்கிறேன். கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. சிப்பைப் படிக்கும் கருவியும், படித்த எண்ணுக்கு உரியவர் யார் என்று உடனே சொல்லும் பதிவேடும் முதலில் தயாராக வேண்டும். நாயின் தோலில் ஊசியை இறக்குவது அதற்குப் பிறகுதான்.

முதலில், இந்தச் சிப் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் விசாரிப்பவர்களில் பெரும்பாலோர், ‘சிப் போட்டுவிட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?’ என்றுதான் கேட்கிறார்கள். பார்க்க முடியாது. அரிசியைவிடச் சற்றே பெரிய, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கம்பிச்சுருளும் ஒரு நுண்சில்லும் மட்டுமே இருக்கின்றன. அதில் பேட்டரி கிடையாது. தானாக எந்தச் செய்தியையும் அனுப்பாது. ஸ்கேனரைச் சில அங்குலத் தொலைவுக்குள் கொண்டுவந்தால், அந்த ஸ்கேனர் வெளியிடும் அலையிலிருந்தே சிறிது மின்சாரத்தைப் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். உலக அளவில் ஏற்கப்பட்ட தரத்தின்படி அந்த எண் 15 இலக்கங்கள் கொண்டது. படிக்கும் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். முதல் மூன்று இலக்கங்கள் 356 என்றிருந்தால் அது இந்தியாவுக்குரிய எண். 9 என்று தொடங்கினால் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்துக்குரிய குறியீடு. உரிமையாளரின் பெயரோ, முகவரியோ, தடுப்பூசி விவரமோ சிப்பில் இல்லை. அவையெல்லாம் எங்கோ ஒரு கணினிப் பதிவேட்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பொருத்தும் முறை எளிது. வழக்கமான தடுப்பூசியைவிடத் தடித்த ஊசி என்றாலும் மயக்க மருந்து தேவையில்லை. இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து உள்ளே செலுத்தினால் வேலை முடிந்தது. சில நாய்களில் சிப் நாளடைவில் கழுத்துப் பக்கமோ முன்னங்கால் பக்கமோ நகர்ந்துவிடுவதுண்டு. ஆகவே, ஸ்கேனரை முதுகில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ‘சிப் இல்லை’ என்று முடிவு செய்யக் கூடாது. கழுத்து, தோள், முன்னங்கால் முழங்கை வரை மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இதனால் புற்றுநோய் வருமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். பொருத்திய இடத்தில் கட்டி தோன்றியதாக உலகில் பதிவான நிகழ்வுகள் மிக அரிது. நாய் காணாமல் போகும் வாய்ப்போடு ஒப்பிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

பச்சை குத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிப் வருவதற்கு முன்பு மேலை நாடுகளில் நாயின் காது மடலின் உட்புறத்திலோ உள்தொடையிலோ எண்ணைப் பச்சை குத்துவதுதான் வழக்கம். அமெரிக்காவில் வீட்டு நாய்களைத் திருடி ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் கொடுமை பெரிதாகி, 1966-இல் அதற்கென ஒரு சட்டமே வந்தது. பச்சை குத்திய நாய்களின் எண்களைப் பதிவு செய்யும் அமைப்பும் அதே ஆண்டில் அங்கே தொடங்கியது. பச்சை குத்துவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. படிப்பதற்குக் கருவியே வேண்டாம், கண் போதும். ஆனால், குட்டியில் குத்திய எண் நாய் வளர வளர விரிந்து மங்கிவிடுகிறது. உள்தொடையில் மயிர் மூடிவிடுகிறது. பயந்துபோன நாயைப் புரட்டிப் போட்டுத் தொடையைப் பார்க்க எந்த வழிப்போக்கரும் துணியமாட்டார். வளர்ந்த நாய்க்குக் குத்த வேண்டுமானால் மயக்கமும் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்துத்தான், ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு விட்டு நாடு செல்லும் செல்லப்பிராணிகளுக்கு 2011 ஜூலை 3-க்குப் பிறகு புதிதாகக் குத்திய பச்சை செல்லாது, சிப்தான் வேண்டும் என்று விதித்தார்கள். இங்கே நாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சிப்தான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடையாளமிடுவது நம் பகுதிக்குப் புதிதும் அல்ல. மாட்டுக்குச் சூடு போடுவதும், மந்தையில் ஆடுகளை இனம் காணக் காதில் வெட்டு வைப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்தவை. 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ், கோமாரித் தடுப்பூசி போடும் ஒவ்வொரு மாட்டுக்கும் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் நிறக் காதுவில்லை மாட்டி, அந்த எண்ணைக் கணினியில் ஏற்றுகிறோம். காதுவில்லையைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம், எவரும் படிக்கலாம், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. கறவை மாட்டுக்கு இவ்வளவு சீராகச் செய்ய முடிந்த ஒன்றை நாய்க்கு மட்டும் ஊருக்கொரு விதமாகச் செய்வானேன்? தெருநாய்களிலும், கருத்தடை செய்தவற்றின் காது நுனியில் வி வடிவ வெட்டு வைக்கிறார்கள். அதைப் பார்த்தால் கருத்தடை முடிந்த நாய் என்று தெரியும். எந்தத் தெருவின் நாய் என்று தெரியாது.

படிக்கும் கருவியும் பதிவேடும் முதலில் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி இராயக்கோட்டை சாலையில் ஒரு தேநீர்க் கடையின் வாசலில் பழுப்பு நிற லாப்ரடார் நாய் ஒன்று வந்து படுத்துக்கொண்டது. கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை உரசி மயிர் தேய்ந்த வளையம் தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரர் வைத்த பொறையைத் தின்னாமல் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தமிழில் ‘உட்காரு’ என்றால் வெறுமனே பார்க்கும். லாரி ஓட்டுநர் ஒருவர் கன்னடத்தில் சொன்னதும் சட்டென்று உட்கார்ந்தது. அருகிலிருந்த ஒரு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே ஸ்கேனர் இல்லை. பிறகு நாய் வளர்ப்புத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் ஓசூரிலிருந்து தம் கருவியை எடுத்து வந்தார். பேருந்து நடத்துநரின் டிக்கெட் கருவியைவிடச் சிறியது. தோளில் ஒன்றும் வரவில்லை. இடது முன்னங்கால் பக்கம் கொண்டுபோனபோது ‘கீ’ என்று ஒலித்து, சிறு திரையில் 9-இல் தொடங்கும் 15 இலக்கங்கள் வந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறைதான்.

அதன் பிறகுதான் சிக்கலே தொடங்கியது. இந்த எண்ணை எங்கே போய்க் கேட்பது? ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வோர் இணையதளம், ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிப் பதிவேடு. ஒருவாறாகத் தேடிப் பிடித்தால், அதில் பதிவாகியிருந்தது நாயைக் குட்டியாக விற்றவரின் பெயர். அவரை அழைத்தால், ‘விற்று நெடுநாள் ஆயிற்று, வாங்கியவரின் எண் இப்போது என்னிடம் இல்லை’ என்றார். கடைசியில் நாயின் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றித்தான் உரிமையாளரைச் சென்றடைந்தது. பெங்களூரு பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் வழியில், சுங்கச்சாவடி அருகே காரின் கதவைத் திறந்தபோது பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டதாம். நாய்க்குச் சிப் இருப்பதே அவருக்குத் தெரியாது. குட்டி வாங்கியபோது கொடுத்த வம்சாவளித் தாள்களோடு சேர்த்துப் பின்னடித்திருந்த சிப் சான்றை அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை. சிப் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊரின் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களுக்கு வந்த, சிப் பொருத்தப்பட்ட 7,704 பிராணிகளை ஆராய்ந்து ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. அலைந்து திரிந்து காப்பகத்துக்கு வந்த நாய்களில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் உரிமையாளரிடம் திரும்பியவை 21.9 விழுக்காடு, சிப் உள்ளவற்றில் 52.2 விழுக்காடு. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது: ஒட்டுமொத்தமாக 1.8 விழுக்காடு, சிப் உள்ளவற்றில் 38.5 விழுக்காடு. ஆனால், நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறு பகுதி. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கான காரணங்களில் முதலிடம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண்ணுக்கு. அதன் பங்கு 35.4 விழுக்காடு. பதிவேடு வேறு நிறுவனத்திடம் இருந்தது, பதிவே செய்யப்படவில்லை என்பனவும் அந்தப் பட்டியலில் உள்ளன. பதிவேட்டுப் பழக்கம் ஊறிய நாட்டிலேயே இந்த நிலை என்றால், புதுச் சலுகை வரும்போதெல்லாம் சிம் அட்டையை மாற்றும் நம்மிடம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் 6 முதலும், பூனைகளுக்கு 2024 ஜூன் 10 முதலும் சிப் கட்டாயம். அங்கே பதிவேட்டிலுள்ள விவரங்களைப் புதுப்பித்து வைத்திருப்பதும் சட்டப்படி உரிமையாளரின் கடமை.

நம் மாவட்டத்தின் அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி பெரும் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம். ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம். ஓசூரில் வாழ்ந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும், பெங்களூரில் குட்டி வாங்கி ஓசூரில் வளர்ப்பவர்களும் ஏராளம். ஒரு மாநகராட்சி தன் எல்லைக்குள் தனக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொண்டால், ஜூஜூவாடியில் தொலைந்து அத்திப்பள்ளியில் அகப்படும் நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சென்னையில் உரிமம் வாங்கிய நாய் தொப்பூர் கணவாயில் அகப்பட்டால், நல்லம்பள்ளியிலுள்ள கால்நடை மருந்தகத்திலிருந்து அந்த எண்ணைத் தேட முடிய வேண்டும். உரிமையாளரின் முகவரியை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை. எண்ணை உள்ளிட்டால் உரிமையாளரின் செல்போனுக்கு ‘உங்கள் நாய் இன்ன இடத்தில் உள்ளது’ என்று ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். மாட்டின் காதுவில்லைக்கு நாடளாவிய பதிவேடு நடத்தும் அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

இன்னொன்று, முன்பைவிட இப்போது அவசரமானது. 2025 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலுள்ள தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. தொலைந்த வளர்ப்பு நாய் எங்கே போய்ச் சேரும்? ஆள் நடமாட்டமும் சோறும் உள்ள பேருந்து நிலையத்துக்குத்தான். வாரக்கணக்கில் அலைந்து மெலிந்து, சேறு பூசிய நாட்டு நாயையோ ராஜபாளையத்தையோ பார்த்து, இது வீட்டு நாய் என்று நாய் பிடிக்கும் ஊழியர் எப்படி அறிவார்? ஆகவே, நாய் பிடிக்கும் வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கேனர் இருக்க வேண்டும். கூண்டில் ஏற்றியதும் முதல் வேலையாக அதைக் கொண்டு தேடிப் பார்க்க வேண்டும் என்பது எழுத்துவடிவ விதியாக இருக்க வேண்டும். அறுவைக்கு முன் இன்னொரு முறையும் பார்க்கலாம், தவறில்லை. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் கால்நடை அவசர ஊர்தியிலும், தருமபுரி, பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவமனைகளிலும் ஆளுக்கொரு கருவி இருந்தால், முக்கால்வாசி வேலை முடிந்தது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு நகராட்சிக்குப் பெரிய சுமையாக இருக்காது.

பட்டாசுக் காலத்தையும் வெள்ளத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி இரவிலும், ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கை விடும்போதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்களைப் பற்றி மறுநாள் காலையில் மருந்தக வாசலில் வந்து கேட்பவர்களை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளையே அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட இரவில் கட்டியிருக்கும் நாயை அவிழ்த்துவிடுவதுதான் அதன் உயிரைக் காக்கும் ஒரே வழி. அவிழ்த்துவிட்ட நாய் நீர் வடிந்தபின் எந்த ஊரில் கரையேறும் என்று யாருக்குத் தெரியும்? கழுத்துப் பட்டை முள்ளில் சிக்கி அறுந்துபோகலாம், திருடுபவன் கழற்றி எறியலாம். தோலுக்கடியில் இருக்கும் சிப்பை எளிதில் எடுக்க முடியாது.

ஆனாலும், சிப்பை வைத்துக்கொண்டு கழுத்துப் பட்டையைக் கைவிடுவதைப் போன்ற அறிவீனம் வேறில்லை. பட்டையில் செல்போன் எண் இருந்தால், நாயைக் கண்ட முதல் மனிதரே அந்த நிமிடமே அழைத்துவிடுவார்; ஸ்கேனர், மருத்துவமனை, பதிவேடு எதுவுமே தேவைப்படாது. குறிப்பாகக் கிராமங்களில் இதுதான் நடைமுறை. மாந்தோப்பையும் ஆட்டுப்பட்டியையும் காக்கும் நாய்கள் பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. அவற்றின் உரிமையாளர்கள் உரிமம் வாங்க நகராட்சி அலுவலகத்துக்கு வரப்போவதும் இல்லை. அவர்களிடம் சிப்பைத் திணிப்பதைவிட, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும்போதே ஒரு பட்டையும் எண் பொறித்த தகடும் கொடுப்பது பயன் தரும். வண்டிக்கு எண் பலகை செய்து தருபவர்கள் எல்லாச் சந்தை ஊர்களிலும் இருக்கிறார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு வெட்டி எண்ணைப் பொறித்துத் தர அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். நாயின் பெயரைப் பொறிக்க வேண்டாம் என்பது என் யோசனை. பெயர் தெரிந்தால் திருடனுக்கும் அது வாலாட்டிக்கொண்டு போகும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 28-இல் உலக வெறிநோய் நாளையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. நூற்றுக்கணக்கானோர் நாயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த முகாமில் கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி ஆகிய மூன்று இடங்களிலாவது தடுப்பூசி மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை போட்டு, ஸ்கேனரோடு ஒருவரை உட்கார வைக்குமாறு இரு மாவட்ட ஆட்சியர்களையும், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே சிப் உள்ள நாய்கள் எத்தனை, அவற்றில் எத்தனையின் பதிவில் இன்றைய உரிமையாளரின் பெயரும் எண்ணும் சரியாக உள்ளன என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும். தவறாக உள்ளவற்றை அங்கேயே திருத்திக் கொடுத்து, 15 இலக்க எண்ணைத் தடுப்பூசி அட்டையின் மேல் மூலையில் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்பலாம். புதிதாகச் சிப் பொருத்துவதைக் கட்டாயமாக்கும் தீர்மானத்தை, அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மாமன்றமும் நகர்மன்றமும் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.